ஒருநாள் மன்னார் பார்ப்போம்

பெண்கள் குழுக்களில் நான் சந்தித்த சகோதரிகள் பலருக்குத் தலைமன்னார் என்றால், இருட்டில் இந்தியாவுக்குப் படகேறிய கரை மட்டும்தான். அதைப் பகலில் பார்க்க ஒருநாள் சேர்ந்து போவோம்.

காலையில் பள்ளிமுனையின் பருத்த பெருக்கமரம். அடுத்து, 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய மன்னார்க் கோட்டை. மாரி காலமானால் வங்காலைப் பக்கத்து நீர்நிலைகளில் பூநாரைகளும் இருக்கும்.

பின்பு பஸ்ஸில் தலைமன்னார். 1964 புயல்வரை இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015இல் இங்கே திரும்பி வந்தது. வெளிச்சவீட்டையும் இறங்குதுறையையும் பார்த்துவிட்டுக் கடற்கரையில் ஆறுதலாக இருக்கலாம்.

குடை, தண்ணீர், கட்டுச்சோறு எடுங்கள். "புருஷன் இல்லாதவளுக்கு என்ன உலாத்து?" என்று அயல் கேட்கும். கேட்கட்டும். பயந்து ஓடிய கரையில் பிள்ளைகளோடு இருந்து சோறு உண்ண எமக்கும் உரிமை உண்டு.