நெஞ்சில் கோர்க்கும் நீர்



எங்கள் வார்டில் சில நோயாளிகள் இரவில் படுப்பதே இல்லை. முன்னால் மேசையில் தலையணையை வைத்து, அதன்மேல் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டும். புற்றுநோயினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்தவர்கள் இவர்கள்.

நுரையீரலையும் நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தையும் இரண்டு மெல்லிய சவ்வுகள் மூடியிருக்கின்றன. அவை உராயாமல் நழுவ, இடையே இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் போதும். நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்று இச்சவ்வுக்குப் பரவும்போது நீர் அதிகமாய்க் கசிகிறது; வடியும் வழியும் அடைபடுகிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று தேங்கி நுரையீரலை நெருக்குகிறது. தண்ணீர் குடித்ததால் வந்தது என்று எண்ணி வீட்டார் குடிநீரைக் குறைத்துவிடுவதைப் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறோம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நம் நாட்டில் காசநோயாலும் இப்படி நீர் கோர்ப்பதுண்டு. ஆகவே எடுத்த நீரைப் பரிசோதிக்கிறோம். ஸ்கேனில் இடம் பார்த்து, மரத்துப்போக மருந்து செலுத்தி, விலா எலும்புகளுக்கிடையே ஊசியால் மெதுவாக எடுக்கிறோம். ஒரே தடவையில் சுமார் ஒன்றரை லிட்டருக்குமேல் எடுப்பதில்லை. சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறும் அபாயம் உண்டு. பலர் அன்றிரவே படுத்துத் தூங்கிவிடுகிறார்கள்.

ஆனால் பெரும்பாலானோருக்கு ஒரு மாதத்திற்குள் நீர் திரும்ப வந்துவிடுகிறது. மறுபடி பஸ், மறுபடி கூலி இழப்பு, மறுபடி ஊசி. இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. நீரை வடித்தபின் கிருமி நீக்கிய டால்க் தூளைச் செலுத்தி, சவ்வுகள் இரண்டையும் ஒட்டவைப்பது ஒன்று. சில நாட்கள் வார்டில் தங்கவேண்டும்; நுரையீரல் விரியாவிட்டால் ஒட்டாது. மற்றது, மெல்லிய சிலிக்கோன் குழாயைத் தோலுக்கடியில் ஓட்டி நெஞ்சில் பொருத்தி, வீட்டிலேயே வாரம் இரண்டு மூன்று முறை நீரை வடிப்பது. 2012-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், மூச்சுத்திணறலைத் தணிப்பதில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. குழாய் வைத்தவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களோ குறைவு. எங்கள் மனம் சாய்வதும் அப்பக்கமே. எஞ்சிய நாட்கள் சில மாதங்களே என்றிருப்பவருக்கு வீட்டுத் திண்ணை பெரிது.

குழாய் வழியே கிருமி தொற்றலாம். ஆகவே வீட்டுக்கு அனுப்புமுன், கைகழுவி, மூடியைத் துடைத்து, நீரை வடித்து மூடுவதை மகளோ மருமகளோ எங்கள் நர்ஸ் முன்னிலையில் செய்து காட்டவேண்டும். இரண்டு மூன்று நாளில் பழகிக்கொள்கிறார்கள். தடையாயிருப்பது குழாயின் விலைதான். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு அதற்குப் போகிறது.