‘தேர் வராது’: எது இறந்தகாலம்?

பிரெஞ்சு கற்கும் தமிழர் பலரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இறந்தகாலம். நமக்கு ‘வந்தான்’ போதும். பிரெஞ்சிலோ நடந்து முடிந்த நிகழ்வாகச் சொல்ல ‘பாஸே கொம்போஸே’. வழக்கமாக, பின்னணியாக, நீடித்த நிலையாகச் சொல்ல ‘அம்பர்ஃபே’. போதாததற்கு, பேச்சில் செத்து எழுத்தில் மட்டும் உயிர்வாழும் ‘பாஸே சாம்ப்ள்’. ஸ்பானிஷ் கற்பவருக்கும் ஏறத்தாழ இதே சிக்கல்தான்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சில காலம் மாலையில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். ‘நேற்று’ வந்தால் கொம்போஸே, ‘தினமும்’ வந்தால் அம்பர்ஃபே என்று மனப்பாடம் செய்தவர்கள், அவ்விரு சொல்லும் இல்லாத வாக்கியத்தில் தடுமாறினார்கள். ‘வீட்ல பேசற மாதிரி முதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க’ என்றேன். ‘தாத்தா ஏரிக்கரைக்குப் போனாரு’ – கொம்போஸே. ‘அப்பல்லாம் தாத்தா ஏரிக்கரைக்குப் போவாரு’ – அம்பர்ஃபே. ‘போய்க்கிட்டிருந்தாரு, மழை புடிச்சிக்கிச்சு’ – முன்னது அம்பர்ஃபே, பின்னது கொம்போஸே.

வழுக்குமிடமும் உண்டு. ‘வீட்டில் இருந்தான்’ தமிழில் வெறும் இறந்தகாலம். பிரெஞ்சில் அது ஒரு நிலை, பெரும்பாலும் அம்பர்ஃபே. அறிதலைக் குறிக்கும் வினை அம்பர்ஃபேயில் ‘தெரிந்திருந்தது’ ஆகும்; கொம்போஸேயில் ‘தெரியவந்தது’ ஆகிவிடும்.

‘போவாரு’ என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதிலுள்ள வகரம் நன்னூல்படி எதிர்கால இடைநிலை. கடந்துபோன வழக்கத்தை நாம் எதிர்கால உருவத்தில்தான் பேசிவருகிறோம்.

இதுவரை இலக்கணம். வரலாறு எழுதும்போது இந்தத் தேர்வு, யாருக்கு எந்தக் காலம் என்ற பங்கீடாக மாறுகிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. தேதி, எண்ணிக்கை, முடிவு எல்லாம் உண்டு. பாஸே சாம்ப்ள், சிதறிக் கிடக்கும் உலகை ஒழுங்குபடுத்தி வாசகனுக்குப் பாதுகாப்புணர்வு தருகிறது என்று ரோலான் பார்த் 1953இல் எழுதியது இங்கே பொருந்தும். அதே கொம்யூன்களில் நாற்று நட்டவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் அம்பர்ஃபேயில் நிற்கிறார்கள்: உழுதுகொண்டிருந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேதி கிடையாது.

வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடிக்கும் வழக்கம் இருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ‘தேருக்கு கவர்னர் வடம் புடிப்பாரு’ என்ற ஒரே வாக்கியம் இரண்டு ஆட்சிக்கும் பொருந்துகிறது. வழக்கம் முடிந்ததா, தொடர்கிறதா என்பதைத் தமிழ் வினை சொல்வதில்லை. அம்பர்ஃபே அதைக் கடந்தகாலத்துக்குள் வைத்துவிடுகிறது.

வேறோர் ஊர்; பெயர் வேண்டாம். பாட்டி சொன்ன கதையைப் பிரெஞ்சில் எழுதிவந்த மாணவி ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டாள்: ‘நம்ம தெருவுக்குத் தேர் வராது.’ கொம்போஸே போட்டால் ஒரு வருஷம் மட்டும் வராமல் போனதாகிவிடும். அம்பர்ஃபே போட்டால் ‘அந்தக் காலத்தில் வராது’ என்றாகி, இப்போது வருவதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘இன்னும் வரலியே சார், எதப் போடறது?’ என்றாள். நிகழ்காலத்தில் எழுதச் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமான பிரச்சினையாக இதை ஒதுக்கிவிட முடியாது. வாக்குமூலம் சேகரிக்கும் தோழர்கள் நாள்தோறும் சந்திப்பதும் இதுவே. ‘தனி டம்ளர்லதான் குடுப்பாங்க’ என்கிறார் ஒருவர். ‘கொடுத்தார்கள்’ என்று எழுதினால் பல வருஷத்து வழக்கம் ஒருநாள் சம்பவமாகச் சுருங்குகிறது. ‘கொடுக்கும் வழக்கம் இருந்தது’ என்றால் எழுதுகிற நாமே அதை முடித்துவைக்கிறோம். ‘கோயிலுக்குள்ள வரமாட்டாங்க’ என்பது இன்னும் மோசம். தடுக்கப்பட்டவர்கள் விருப்பமில்லாமல் வெளியே நின்றதாக ஒலிக்கிறது, தடுத்தவர்கள் வாக்கியத்திலேயே இல்லை.

பேச்சுவழக்கைத் திருத்தி எழுதும் அவசரத்தில் இருப்பவர்கள் அதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: கடைசியா எப்ப? செஞ்சது யாரு? இவற்றுக்கு வரும் பதிலைக் கொண்டுதான் வினைக்குக் காலம் தேர்ந்தெடுக்க முடியும்.