பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்-2

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "எந்த ஸ்டேஜ், டாக்டர்?" என்றுதான். அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஹெர்-2 பாசிட்டிவா, நெகட்டிவா? எந்த மருந்து கொடுப்பது என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்த ஒற்றை வரிதான்.

செல்லின் மேலே நிற்கும் புரதம்

ஹெர்-2 எல்லாருடைய உடம்பிலும் உள்ள புரதம். இதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. செல்லின் மேலுறையில் ஒரு பகுதி வெளியேயும் ஒரு பகுதி உள்ளேயுமாகச் செருகி நின்று, வளரவும் பிரியவும் சொல்லும் கட்டளைகளை உள்ளே கடத்துகிறது. தன் இனத்துப் புரதங்களோடு ஜோடி சேர்ந்துதான் இயங்கும்.

சிலருடைய புற்றுநோய்ச் செல்களில், இரண்டே படிகள் இருக்க வேண்டிய இந்த மரபணு பத்து, இருபது எனப் பெருகிவிடுகிறது. செல்லின் மேல் புரதமும் அளவுக்கு மீறிக் குவிகிறது. குவிந்தவை ஒன்றோடொன்று தாமாகவே ஜோடி சேர்ந்து செல்லை ஓயாமல் பிரியவைக்கின்றன. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதம் இந்த வகை.

கெட்ட சேதி மருந்துக்கு வழிகாட்டியது

மனிதரின் ஹெர்-2 மரபணுவை 1985இல் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் இருந்த ஆக்செல் உல்ரிச். லாஸ் ஏஞ்சலிஸில் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமோன் கட்டித் திசுக்களைச் சேகரித்து வைத்திருந்தார். இருவரும் கைகோத்தார்கள். 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்ததில், 30 சதவீதத்தில் இந்த மரபணு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. 1987இல் இந்த முடிவு வெளியானது.

நோயின் வேகத்தைக் காட்டிய அந்தப் புரதத்தையே மருந்தால் தாக்கினால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது டிரஸ்டுசுமாப். செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்-2இன் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி இது. ஹெர்செப்டின் என்ற பெயரில் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யாருக்குக் கொடுக்கலாம் என்று கண்டறியும் பரிசோதனையும் கூடவே அனுமதி பெற்றது.

பரவிய நோயில், கீமோதெரபியோடு இதையும் சேர்த்தபோது சராசரி ஆயுட்காலம் 20 மாதத்திலிருந்து 25 மாதமாக உயர்ந்தது. பெரிய திருப்பம் வந்தது 2005இல். ஆரம்பக் கட்டத்தில், அறுவை சிகிச்சையை ஒட்டி ஓராண்டு கொடுத்தால், நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டின.

2+ என்று வந்தால்

பயாப்சித் திசுவில் ஐ.எச்.சி. என்னும் சாயப் பரிசோதனை செய்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ நெகட்டிவ். குழப்பம் 2+இல்தான்: இரண்டு பக்கமும் சேராத முடிவு அது. மரபணுப் படிகளையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தால்தான் விடை கிடைக்கும். கூடுதல் செலவை நினைத்து அதைத் தவிர்ப்பது பெரிய இழப்பாகிவிடலாம். கிடைக்க வேண்டிய மருந்தே கைநழுவிப் போகும்.

திசுவைக் கையாளும் விதமும் முடிவை மாற்றும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதை ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும். ஒரு ஊரில் அறுவை, வேறு ஊரில் லேப் என்கிற இடங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இதயத்தின் மேலும் ஒரு கண்

இதயத் தசைச் செல்களுக்கும் ஹெர்-2 தேவை. அதனால் டிரஸ்டுசுமாப் சிலருக்கு இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கிறது. டாக்சோருபிசின் வகை கீமோ மருந்தோடு ஒரே சமயத்தில் கொடுத்த ஆரம்ப ஆய்வில் இது அதிகம் தெரிந்தது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடும். சிகிச்சைக்கு முன்பும், பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுப்பது இதற்காகத்தான். மூச்சு வாங்குதல், கால் வீக்கம் இருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விலை, புதிய வரவு

பல ஆண்டுகள் டிரஸ்டுசுமாபின் விலை சாமானியர் தொட முடியாததாகவே இருந்தது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014இல் இதற்கு இணையான பயோசிமிலர் மருந்தை இந்தியச் சந்தையில் இறக்கியது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் டிரஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆன்டிபாடியோடு கீமோ மருந்தைப் பிணைத்து நேராகப் புற்றுநோய்ச் செல்லுக்குக் கொண்டுபோகும் டிரஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் இப்போது வந்திருக்கிறது. 1+ உள்ளவர்கள், 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்கள் ஆகியோருக்கு, பரவிய நோயில் இது பலன் தருகிறது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. நுரையீரல் அழற்சி இதன் முக்கியமான பக்கவிளைவு. ஆகவே ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று மட்டும் இருந்தால், மதிப்பெண் 0வா, 1+ஆ என்று கேட்டு வாங்க வேண்டும். நோய் திரும்பியிருந்தால், முடிந்தவரை புதிய இடத்திலிருந்து பயாப்சி எடுத்து ஹெர்-2வை மீண்டும் பார்ப்பது நல்லது. முதல் கட்டியில் வந்த முடிவும் புதிய முடிவும் சிலருக்கு மாறுபடுகின்றன.