குளிர்பதனக் கருவிகளில் பிரேசிங்

பிரேசிங் என்பது இணைக்க வேண்டிய உலோகங்களை உருக்காமல், அவற்றைவிடக் குறைந்த வெப்பநிலையில் உருகும் நிரப்பு உலோகத்தைக் கொண்டு அவற்றைப் பிணைக்கும் முறையாகும். நிரப்பு உலோகம் 450 °செ-க்கு மேல் உருகினால் அது பிரேசிங்; அதற்குக் கீழே உருகினால் சால்டரிங் எனப்படும். குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி. ஆகியவற்றின் செப்புக் குழாய்கள் உயர் அழுத்தத்தையும் அதிர்வையும் தாங்க வேண்டியிருப்பதால், பெரும்பாலும் பிரேசிங் முறையிலேயே இணைக்கப்படுகின்றன.

செயல்படும் விதம்

ஒரு குழாயின் விரிக்கப்பட்ட முனைக்குள் மற்றொரு குழாய் செருகப்படுகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 0.1 மி.மீ. இடைவெளி இருக்கும். உருகிய உலோகம் நுண்புழை விசையால் இந்த இடைவெளிக்குள் இழுக்கப்படுகிறது. எனவே சுடரைக் கம்பியின் மீது காட்டாமல், குழாய்களைச் சீராகச் சூடாக்க வேண்டும். செம்பு 1085 °செ-இல் உருகிவிடும் என்பதால் அளவுக்கு மீறிய சூடும் கூடாது.

நிரப்பு உலோகங்கள்

செம்பையும் செம்பையும் இணைக்க, பாசுபரசு கலந்த செப்புக் கம்பி பயன்படுகிறது. பாசுபரசே ஆக்சைடை நீக்குவதால் தனியாக ஃபிளக்ஸ் தேவையில்லை. எஃகுடன் இணைக்க இக்கம்பி பொருந்தாது. இரும்பும் பாசுபரசும் சேர்ந்து இணைப்பை நொறுங்கக்கூடியதாக்கும். அங்கு வெள்ளி கலந்த கம்பியும் ஃபிளக்சும் தேவை.

நைட்ரசனின் பங்கு

சூடான செம்பு காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேரும்போது குழாயின் உட்புறத்தில் கரிய செதில்கள் உருவாகின்றன. வெளியே இணைப்பு நன்றாகவே தோன்றும். ஆனால் செதில்கள் பின்னர் உதிர்ந்து, வடிகட்டியையும் கேப்பிலரி குழாயையும் அடைக்கும், கம்ப்ரசரையும் பழுதாக்கும். இதைத் தடுக்க, பிரேசிங் தொடங்கி இணைப்பு ஆறும் வரை குழாய்க்குள் உலர்ந்த நைட்ரசனை மெதுவாகச் செலுத்த வேண்டும். மறுமுனை திறந்திருக்க வேண்டும். இல்லையெனில் அழுத்தம் கூடி, உருகிய உலோகத்தை வெளியே தள்ளும்.

பாதுகாப்பு

- குழாயிலுள்ள குளிர்பதனப் பொருளை முதலில் மீட்புக் கருவியால் உருளையில் சேகரிக்க வேண்டும். ஆர்-22 சுடரில் சிதைந்தால் ஐதரசன் புளோரைடு, பாசுசீன் போன்ற நச்சு வளிமங்கள் உண்டாகலாம். ஆர்-32, ஆர்-290 ஆகியவை தீப்பற்றக்கூடியவை.
- காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து பணியாற்ற வேண்டும்.
- கசிவுச் சோதனையை நைட்ரசன் அழுத்தமும் சோப்பு நீரும் கொண்டு செய்யலாம். ஆக்சிசனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது கம்ப்ரசர் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.