தில்லி குழாய் நீரில் எதிர்ப்பு மரபணு: பாக்டீரியாக்களிடையே பரவுவது எப்படி?

புது தில்லி: பாக்டீரியாக்கள் மரபணுக்களைத் தம் வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி, அருகிலுள்ள வேற்றினப் பாக்டீரியாக்களுக்கும் அளிக்கின்றன. இரு செல்கள் இணையும்போது, ‘பிளாஸ்மிட்’ எனப்படும் வட்ட வடிவ டிஎன்ஏவின் நகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது.

‘என்டிஎம்-1’ மரபணு இவ்வாறே பரவுகிறது. தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய நோயாளியிடம் 2008-இல் கண்டறியப்பட்ட இது, கடைசிக்கட்டச் சிகிச்சைக்கான கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் நொதியை உருவாக்குகிறது. தலைநகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டதற்கு இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது.

பெயரைவிடக் கவலைக்குரியது, 2011-இல் வெளியான ஆய்வு முடிவு. தில்லியில் 50 குழாய் நீர் மாதிரிகளில் 2-இலும், தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும் அம்மரபணு இருந்தது. காலரா, சீதபேதிக் கிருமிகளும் அதைப் பெற்றிருந்தன. காலராக் கிருமிக்கு இது புதிதன்று. அதன் நச்சுக்கான மரபணுவே பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ் ஒன்று கொண்டுவந்து சேர்த்ததுதான்.