பெயின்ட் புதுசு... தரை எப்படி? பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டை மீட்க ஒரு வழிகாட்டி

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் சந்திப்பைக் கடப்பது லேசான காரியம் இல்லை. கம்பெனி பஸ்களுக்கு நடுவே, புத்தம்புது கார்களை அடுக்கிய டிரெய்லர்களும் ஊர்ந்து போகும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் இருந்து வரும் அந்தக் கார்களை வாங்குகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், டச் ஸ்க்ரீன் கேட்பார்கள். ‘தரைத் தகடு எப்படி இருக்கு?’ என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால், இங்கிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் பக்கம் போனால் வரும் பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் தயாரான காருக்கு, கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

சென்னையில் பிறந்த ‘பிரிட்டிஷ்’ கார்

இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 1959இல் அறிமுகப்படுத்திய கார் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. இதே காரை 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில், 948 சிசி இன்ஜினுடன் இங்கே தயாரித்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே உருவானது; இங்கிலாந்தில் அது விற்கவில்லை. சோழவரம் பந்தயங்களிலும் ஹெரால்டு ஓடியிருக்கிறது.

உலகம் முழுக்க ரசிகர்களைக் கொண்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் (1962 - 1980), இதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி அதன்மேல் கட்டப்பட்டதுதான். அதாவது, நம்ம ஊர் ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் பங்காளிகள். இரண்டுக்கும் பொதுவான வியாதி, கால் வைக்கும் இடத்தில் பிடிக்கும் துரு.

தரையில் மட்டும் ஏன் இவ்வளவு துரு?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்புக் காற்று சேர்ந்தால் வேகம் கூடும். சென்னை போன்ற கடற்கரை நகரில் மூன்றும் கிடைக்கும்.

பழைய காரில் முன்கண்ணாடி ரப்பரும் கதவு ரப்பரும் காய்ந்து வெடித்துவிடும். மழைநீர் அந்த வழியாக இறங்கி, கார்பெட்டுக்குக் கீழே உள்ள சணல் மெத்தையில் ஊறும். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும்; அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். வெளிப்பக்கம், சக்கரம் அடிக்கும் சேறு மூலை முடுக்குகளில் அப்பிக்கொண்டு காயாமல் கிடக்கும். இப்படி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை மேலும் கீழும் துரு தின்கிறது.

இன்றைய கார்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. ஆலையில் முழு பாடியையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கை நுழையாத குழாய், பெட்டிப் பகுதிகளின் உட்புறத்திலும் பெயின்ட் ஒட்டிக்கொள்ளும். பல பாகங்களுக்குத் துத்தநாகம் பூசிய தகடு பயன்படுகிறது. ஹெரால்டு காலத்துக் கார்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

‘மேல பளபளன்னு இருக்கே, போதாதா?’

போதாது. சீட் நிற்பது தரைத் தகட்டில்தான். சீட் பெல்ட் போட்டிருந்தால் அதன் போல்ட்டும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். தகடு அப்பளமாக நொறுங்கினால், திடீர் பிரேக்கில் சீட்டோடு சேர்ந்து ஆளும் நகர்வார்.

ஓட்டைமேல் ஃபைபர் ஒட்டுவது, பட்டி பூசுவது, தகரத்துண்டை ரிவிட் அடிப்பது, எல்லாவற்றையும் மறைக்கத் தார் போன்ற கறுப்பு அண்டர்கோட்டிங் அடிப்பது என்று குறுக்குவழிகள் நிறைய உண்டு. துருவின்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துரு கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். ரஸ்ட் கன்வர்ட்டர் திரவமும் மேலோட்டமான துருவுக்குத்தான். ஓட்டை விழுந்த தகட்டுக்கு வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதே மருந்து.

வெட்டும் முன் என்ன செய்ய வேண்டும்?

பலர் தவறுவது இங்கேதான். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடி பல துண்டுகளாக அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால், தரையை வெட்டும் முன் அதைத் தாங்கும் சேஸிஸ் கைகளைப் பார்க்க வேண்டும். அவை இற்றுப்போயிருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியவை அவைதான்.

ஸ்பிட்ஃபயரில் கதை வேறு. ஹெரால்டு சேஸிஸில் இருக்கும் பக்கவாட்டுச் சட்டங்கள் அதில் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. மேற்கூரையும் இல்லாத காரில் சில்லையும் தரையையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவில் தொங்கிவிடும். புதுத் தகடு வைத்த பிறகு கதவு மூடாது.

தப்பிக்க மூன்று விதிகள்: காரைச் சமதளத்தில், சேஸிஸின் உறுதியான இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும். கதவு இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டு, குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் கை வைக்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கும்?

முதலில் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் லைனையும் அகற்ற வேண்டும். சீட், கார்பெட் எல்லாம் வெளியே. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

துருப்பிடித்த இடத்தை மட்டுமல்ல, அதைத் தாண்டி நல்ல தகடு வரும் வரை வெட்ட வேண்டும். இற்றுப்போன தகட்டில் வெல்டிங் பிடிக்காது, பொத்துக்கொண்டு போகும். பழைய தகட்டைத் தூக்கிப் போடாமல் அளவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதில் இருக்கும் நீளவாக்கு மடிப்புகள் அழகுக்கு அல்ல, விறைப்புக்கு. புதுத் தகட்டிலும் அவை வர வேண்டும்.

மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங் வசதியானது. ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு என்றால், வெல்டு செய்யும் இடத்தில் பூச்சை நீக்கிவிட வேண்டும். அந்தப் புகை காய்ச்சலை வரவழைக்கும்.

பிறகு எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், அடியில் கல் தெறிப்பைத் தாங்கும் பூச்சு, சில்லின் உள்ளே மெழுகுப் பூச்சு. தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. முன்கண்ணாடி ரப்பரை மாற்றாமல் விட்டால் அடுத்த மழைக்கே பழைய கதை திரும்பும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத, அசல் வடிவில் பராமரிக்கப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். பதிவு எண்ணில் ‘விஏ’ எழுத்துகள் இருக்கும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். தினமும் ஆபீஸ் போக இந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே.

‘அசல் வடிவம்’ என்ற நிபந்தனையால் தரை வேலையை இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. அதே அளவு, அதே மடிப்பு, அதே இடம். வெட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்தால், என்ன செய்தோம் என்பதற்குக் கையில் சாட்சி இருக்கும்.

வாங்கப் போகிறீர்களா?

ஓனரிடம் சொல்லிவிட்டு கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரையைத் தட்டுங்கள்: ‘டங்’ என்றால் தகடு, ‘தொப்’ என்றால் பட்டி அல்லது துரு. கதவைத் திறந்து மூடி, இடைவெளி மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கார்பெட்டைத் தூக்கவே விடவில்லையா? பேரம் பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.