மாவு ஏன் பொங்கவில்லை? உள்ளூர் மேசையிலிருந்து உலக அறிவியல் கண்காட்சி வரை

ஆண்டுதோறும் மே மாதம் அமெரிக்காவின் ஏதாவது ஒரு நகரத்தில் 1,600-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் தங்கள் ஆய்வுகளோடு கூடுகிறார்கள். 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வரும் இவர்கள் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். 2023-இல் டாலஸ், 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ், 2025-இல் ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ். ‘ரீஜெனரான் சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சி’ என்பது முழுப் பெயர். மாணவர்களிடையே ‘ஐசெஃப்’ என்றால்தான் தெரியும். 1950-இல் பிலடெல்பியாவில் 30 மாணவர்களோடு தொடங்கிய தேசியக் கண்காட்சி இது. 1958-இல் பிற நாட்டு மாணவர்களும் சேர்ந்தார்கள். வாஷிங்டனில் உள்ள ‘சொசைட்டி ஃபார் சயின்ஸ்’ நடத்துகிறது.

இதைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நாம் பார்ப்பது பதக்கத்தோடு நிற்கும் ஒரு பிள்ளையின் படத்தை. அந்தப் பிள்ளை அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வழிதான் தெரிய வேண்டும். அடுப்படியில் நின்றால் அது நன்றாகவே புரியும்.

ஓஹியோவில் ஜனவரி மாதம் இட்லி மாவு லேசில் புளிக்காது. அங்கே குடியிருக்கும் தமிழ் வீடுகளில் ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டுப் படுக்கப் போவார்கள். சில நாள் பொங்கும், சில நாள் பொங்காது. அப்படி ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

“ஏம்மா, இன்னிக்கு மாவு பொங்கவே இல்ல?”

“குளிருடி. வேற என்ன?”

அம்மா சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் மாவு அடங்கிவிடுகிறது? ஊறவைக்கும்போது வெந்தயத்தைக் கூட்டினால் அந்த டிகிரி இறங்குமா? இப்படிக் கேட்கத் தொடங்கினால் ஆய்வு தொடங்கிவிட்டது. மாவு ஏன் புளிக்கிறது என்பது புத்தகத்திலேயே இருக்கிறது: லூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன, வாயு மாவைத் தூக்குகிறது. அதையே சார்ட்டில் எழுதிக் கொண்டுபோய் வைப்பது பாடம் ஒப்பித்தல். புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னக் கேள்வி, தன் மேசையிலேயே அளந்து பார்க்கக்கூடிய கேள்வி, இந்தப் பயணத்துக்கு வேண்டும்.

இனி வருவதுதான் நம் ஊர்க் கண்காட்சிகளுக்கும் ஐசெஃபுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. அரிசியை ஊறவைக்கும் முன்பே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். என்ன கேள்வி, என்னென்ன பொருள், எப்படிச் செய்யப்போகிறேன், என்ன ஆபத்து வரலாம், கிடைக்கும் எண்களை என்ன செய்வேன் என்று அந்த ஆய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டும். பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரும் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். சில வகை ஆய்வுகளை அறிவியல் மறுஆய்வுக் குழு ஒன்று முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் பிறகு தேதி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் தகுதி நீக்கம்தான்.

நம் பெண்ணின் மாவையே எடுத்துக்கொள்வோம். அளவுக் குழாயில் மாவை ஊற்றி, மணிக்கொரு தரம் எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தது என்று பார்ப்பதற்குப் பெரிய தடை இருக்காது. ஆனால் அந்த மாவில் சுட்ட இட்லியை வகுப்புத் தோழிகளுக்குக் கொடுத்து, “புளிப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?” என்று கேட்க நினைத்தால் கதை மாறிவிடும். தோழிகள் அப்போது ஆய்வுக்கு உட்படும் மனிதர்கள் ஆகிறார்கள். ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி நிர்வாகி, மருத்துவமோ உளவியலோ தெரிந்த ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு முதலில் அனுமதிக்க வேண்டும். அடுத்ததாக, மாவிலிருந்து ஒரு துளி எடுத்து அதில் உள்ள பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். அந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது. மாதிரியை வீட்டில் எடுக்கலாம். வளர்ப்பதற்கு உரிய பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே பாத்திரத்து மாவுக்கு இப்படி மூன்று விதமான கதவுகள்.

இது பிள்ளைகளை அலைக்கழிக்கும் காகித வேலை என்று பெற்றோர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர் உடம்பைத் தொடும் முன் அனுமதி கேட்க வேண்டும் என்பதை 15 வயதிலேயே கற்றுக்கொள்கிறவர் பின்னாளில் மருத்துவராகவோ மருந்து ஆய்வாளராகவோ ஆகும்போது அதன் அருமை தெரியும்.

அடுத்து, சமையல். அம்மா கைப்பக்குவத்தில் செய்வார். இவள் அப்படிச் செய்யக் கூடாது. அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர், அரைக்கும் நேரம் எல்லாம் அப்படியே இருக்க, வெந்தயம் மட்டும் மாற வேண்டும். வெந்தயமே போடாத மாவு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? ஒவ்வோர் அளவுக்கும் ஒரு குழாய் போதாது, பல குழாய்கள் வேண்டும். ஒரே மாவை ஐந்து குழாய்களில் ஊற்றினால் ஐந்தும் ஒரே உயரத்துக்கு வராது என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிடும். அந்தச் சிதறலைச் சராசரியாலும் திட்ட விலக்கத்தாலும் எழுதிக் காட்டத் தெரிந்தால்தான், வெந்தயத்தால் உயர்ந்ததா தற்செயலாக உயர்ந்ததா என்று சொல்ல முடியும். எல்லாம் ஒரு கட்டு நோட்டில் போக வேண்டும்: தேதி, மணி, அறையின் வெப்பநிலை, மாவின் உயரம், ‘ராத்திரி ஹீட்டர் நின்றுபோனது’ என்ற குறிப்பும்கூட. அடித்துத் திருத்தியது அடித்துத் திருத்தியதாகவே இருக்கட்டும். அழகாகப் பிரதி எடுத்த நோட்டைவிட மாவுக் கறை படிந்த நோட்டை நடுவர்கள் நம்புவார்கள்.

சரியாக வராத மாவைக் கொட்டிவிட்டு மறுபடி அரைக்கும் பொறுமை இல்லாமல் யாரும் மேலே போனதில்லை. 2022-இல் அட்லாண்டாவில் நடந்த ஐசெஃபில் 75,000 டாலர் முதல் பரிசை வென்றவர் புளோரிடாவைச் சேர்ந்த 17 வயது ராபர்ட் சான்சோன். மின்சாரக் கார்களின் மோட்டார்களில் அரிய மண் தனிமங்களால் ஆன காந்தங்கள் இருக்கின்றன. அவை விலை அதிகம், தோண்டி எடுப்பதும் சுற்றுச்சூழலுக்குக் கேடு. அந்தக் காந்தம் இல்லாமலே இயங்கும் மோட்டாரின் விசையையும் திறனையும் கூட்டுவதற்கு அவர் முயன்றார். பெரிய நிறுவனத்தின் பட்டறை அவரிடம் இல்லை. முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக், செம்புக் கம்பி, எஃகுச் சுழலி ஆகியவற்றை வைத்துச் செய்துகொண்டே போனார். ஒன்று சூட்டில் உருகிப்போனது. பதினைந்தாவது மாதிரிதான் வேலை செய்தது.

அமெரிக்காவில் ஐசெஃபுக்குப் போகும் வழியில் வரும் வட்டாரக் கண்காட்சி பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். சில மாவட்டங்கள் சேர்ந்தது ஒரு வட்டாரம். உள்ளூர்க் கல்லூரிப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் மருத்துவர்களும் ஒரு நாள் ஒதுக்கி நடுவர்களாக வருகிறார்கள். அங்கிருந்து மேலே போகும் வழி எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. ஐசெஃபோடு இணைந்த வட்டாரக் கண்காட்சிகள் தங்களுக்கு ஒதுக்கிய இடங்களுக்கு நேரே ஆள் அனுப்பலாம். சில மாநிலங்களில் மாநிலக் கண்காட்சியையும் தாண்டித்தான் போக வேண்டும். ஓர் ஊரில் கிடைக்காவிட்டால் பக்கத்து வட்டாரத்தில் போய் முயல்வது முடியாது. ஒருவருக்கு ஒரே தடம்தான்.

வட்டாரத்துக்கும் மே மாதத்துக்கும் நடுவில் கிடைக்கும் சில வாரங்கள் பொன்னானவை. “30 டிகிரியில் வைத்துப் பார்த்தீர்கள், 18 டிகிரியில் ஏன் பார்க்கவில்லை?” என்று ஒரு நடுவர் கேட்டிருப்பார். வீட்டுக்கு வந்து அந்த 18 டிகிரியைப் பார்த்துவிடுகிற பிள்ளைதான் முன்னேறும். தொடர்ச்சியான 12 மாதங்களுக்குள் செய்த வேலையே கணக்கில் வரும் என்பதால் காலம் குறைவு. திட்டத்தில் எழுதியதற்கு மாறாக வேறொரு பொருளைச் சேர்க்கத் தோன்றினால் மறுபடி ஒப்புதல் கேட்க வேண்டும். போன வருட ஆய்வின் தொடர்ச்சி என்றால், அப்படியென்று தனிப் படிவத்தில் சொல்லி, இந்த வருடம் புதிதாகச் செய்ததை மட்டும் முன்வைக்க வேண்டும்.

இனி உலக அரங்கு. நம் பெண் கொலம்பஸ் கண்காட்சி மண்டபத்துக்கு வந்துவிட்டாள் என்று வையுங்கள். மாவைக் கொண்டுவந்திருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்! உணவு, செடி, மண், ரசாயனம், ஒரு குவளைத் தண்ணீர்கூட மேசையில் இருக்கக் கூடாது. முன்பு வாங்கிய பதக்கங்களையும் சின்னங்களையும் பலகையில் ஒட்டக் கூடாது. நான்கடி அகலம், இரண்டரை அடி ஆழம், தரையிலிருந்து ஒன்பதடி உயரம் என்ற வரம்புக்குள் படங்களும் வரைபடங்களும் இருக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நடுவர்கள் வருவார்கள். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. இட்லியை வைத்து யாரையும் மயக்க முடியாது. எப்படிச் செய்தாய், என்ன கண்டாய் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

மொத்த மதிப்பெண் 100. அதில் கேள்விக்கு 10, செய்முறைத் திட்டத்துக்கு 15, செய்து அளந்து ஆராய்ந்ததற்கு 20, புதுமைக்கு 20. மீதி 35-இல் பலகைக்கு 10 போக, நேர்காணலுக்கு மட்டும் 25. பலகையை அச்சடிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பெற்றோர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நடுவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார்கள். முனைவர் பட்டமோ அந்தத் துறையில் நீண்ட அனுபவமோ உள்ளவர்கள். மனப்பாடம் செய்த உரையை அவர்கள் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். “வெந்தயம் வாயுவைக் கூடுதலாக உண்டாக்குகிறதா, அல்லது உண்டான வாயுவைப் பிசுபிசுப்பால் பிடித்து வைக்கிறதா? உங்கள் அளவீடு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுமா?” என்று கேட்பார்கள். “என் அளவீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்க வேண்டுமானால் இப்படிச் செய்வேன்” என்று நேர்மையாகச் சொல்கிற பிள்ளைக்கு மதிப்பு உண்டு. பூசி மெழுகுகிற பிள்ளை அங்கேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: “இதில் நீங்கள் செய்தது எது?” பல்கலைக்கழக ஆய்வகத்தில் பெரிய கருவிகளோடு வேலை செய்த பிள்ளைகளும் அங்கே வருவார்கள். அது பெரிய ஓட்டலின் அடுப்படியில் சமைத்ததற்குச் சமம். அங்கே காய் நறுக்கியது யார், தாளித்தது யார் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகவே, மாணவர் எவ்வளவு தானாகச் செய்தார், எந்தக் கருவியை யார் இயக்கினார் என்று அந்த ஆய்வகம் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். இதனால் வசதியின் அனுகூலம் முழுக்கப் போய்விடாது; பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் உள்ள தூரம் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2018-இல் வந்த ‘சயின்ஸ் ஃபேர்’ ஆவணப்படத்தில் தெற்கு டகோட்டாவின் காஷ்ஃபியா ரஹ்மான் வருகிறார். விளையாட்டே எல்லாமாக இருந்த பள்ளி அவருடையது; ஆய்வுக்குப் பொறுப்பேற்க முன்வந்தவர் அந்தப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். காஷ்ஃபியா தன் துறையில் உலக அரங்கில் முதல் பரிசு பெற்றார்.

2025-இல் கொலம்பஸில் 1,00,000 டாலர் பரிசு ஸ்லோவாக்கியாவின் ஆடம் கொவால்சிக் என்ற மாணவருக்குப் போனது. கலிடெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துப் பொருளைத் தயாரிக்க 15 படிகள் தேவைப்பட்டன. அவர் மக்காச்சோளக் கழிவிலிருந்து கிடைக்கும் மூலப்பொருளில் தொடங்கி 10 படிகளில் முடித்தார். ஒரு கிராமுக்கு 75 டாலர் ஆகும் செலவு 12.50 டாலராக இறங்கும் என்று கணக்குக் காட்டினார். தெரிந்த பண்டத்தையே மலிவான பொருளில், குறைந்த வேலையில் செய்து காட்டியதும் பெரிய ஆய்வுதான்.

இந்தியாவிலிருந்து போகும் வழி ‘ஐரிஸ்’ என்ற தேசியக் கண்காட்சி. அதில் தேர்வாகும், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் இந்திய அணியாக ஐசெஃபுக்குச் செல்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. கண்காட்சி அறிவிப்பு வந்த பிறகு தெர்மாகோல் வாங்க ஓடுகிறோம். அதற்கு முன்பே, வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே, பிள்ளையின் கையில் ஒரு கட்டு நோட்டைக் கொடுங்கள். முதல் பக்கத்தில் அவர்களுடைய சொந்தக் கேள்வி ஒன்றை எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்தில் அதை எப்படி அளக்கப்போகிறார்கள் என்று எழுதச் சொல்லி, தேதி போட்டு, அறிவியல் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அந்த நோட்டு உங்கள் மேசைக்கு வரும்போது தயவுசெய்து “இதெல்லாம் எதுக்குப்பா, பாடத்தைப் படி” என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.